பிரசவத்துக்குக் காப்பீட்டு அட்டை வேண்டுமா? சேலம் மாவட்டக் குடும்பங்கள் குழம்பும் மூன்று அரசு ஏற்பாடுகள்

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேரும் பெண்ணிடம் கட்டணம் வாங்குவதில்லை. இருந்தும், சேர்க்கையின்போதோ அறுவை சிகிச்சைக்கு முன்போ காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்பதுண்டு. எல்லாம் இலவசம் என்றால் அட்டை எதற்கு என்று குடும்பத்தார் திகைக்கிறார்கள். அட்டை இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சுவோரும் உண்டு. இதற்கு நேர்மாறாக, அட்டை கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் தனியார் மருத்துவமனைக்குப் போய், பிரசவம் முடிந்த பிறகு கட்டண ரசீதைப் பார்த்து நகையை அடகு வைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. இந்த இரண்டு நிலைக்கும் காரணம் ஒன்றுதான்: அடிப்படையிலேயே வேறுபட்ட மூன்று ஏற்பாடுகளை மக்கள் ஒரே திட்டமாக எண்ணிக்கொள்வது.

அந்த மூன்றையும் பிரித்துக் காட்டி, ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும், சேலம் நகரத்துத் தறிக் குடும்பத்துக்கும் ஏற்காட்டு மலைக்கிராமத்துக் குடும்பத்துக்கும் அவை எப்படிப் பொருந்துகின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று ஏற்பாடுகள்

1. இலவசச் சேவை. அரசு மருத்துவமனையில் பிரசவம் இலவசம் என்பது எந்த அட்டையையும் சார்ந்ததல்ல. 2011 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்னும் மத்திய அரசுத் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணி யாராக இருந்தாலும் சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, தேவைப்பட்டால் இரத்தம், தங்கியிருக்கும் நாட்களில் உணவு ஆகிய அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். உணவு சுகப்பிரசவத்துக்கு 3 நாள் வரையும் சிசேரியனுக்கு 7 நாள் வரையும் உண்டு. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், அங்கிருந்து மேல்சிகிச்சை தரும் மருத்துவமனைக்கும், பின்னர் வீடு திரும்புவதற்கும் வாகன வசதியும் இதில் அடக்கம். நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை இதே உரிமை உண்டு. வருமானம், சாதி, எத்தனையாவது குழந்தை என்ற கேள்விகளுக்கு இங்கே இடமில்லை.

2. நிதியுதவி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் ரூ.300 என்ற சிறு தொகையுடன் தொடங்கியது. 2006-இல் ரூ.6,000 ஆகவும், 2011-இல் ரூ.12,000 ஆகவும், 2018-இல் ரூ.18,000 ஆகவும் உயர்ந்தது. இந்த 18,000-இல் ரூ.14,000 வங்கிக் கணக்குக்கு வரும், மீதி ரூ.4,000 மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் தரப்படும். முன்பு ஐந்து தவணையாக இருந்த பணம் 2024-இல் மூன்று தவணையாகச் சுருக்கப்பட்டது: கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் ரூ.6,000, குழந்தை பிறந்த நான்காம் மாதத்தில் ரூ.6,000, ஒன்பதாம் மாதத்தில் ரூ.2,000. மத்திய அரசின் மாத்ரு வந்தனா என்னும் மகப்பேறு நிதியுதவித் திட்டத் தொகையும் இதனுடன் இணைக்கப்பட்டுள்ளது. 19 வயது நிறைந்த ஏழைப் பெண்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே இது உண்டு. இந்தப் பணம் மருத்துவமனைக் கட்டணத்துக்காகத் தரப்படுவதன்று. வேலைக்குப் போக முடியாத மாதங்களில் அந்தப் பெண் சத்தாகச் சாப்பிடுவதற்கும், குழந்தைக்குத் தடுப்பூசி தவறாமல் போடப்படுவதற்கும் தரப்படுவது.

3. காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி 11 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. அதற்கு முன் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கப்பட்டதால், பலர் இன்றும் கலைஞர் காப்பீட்டு அட்டை என்றே சொல்கிறார்கள். 2018 செப்டம்பரில் மத்திய அரசின் பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய யோஜனாவும் இதோடு சேர்ந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும், அங்கீகரிக்கப்பட்ட அரசு அல்லது தனியார் மருத்துவமனையில் பணம் கட்டாமல் சிகிச்சை பெற இது வழி செய்கிறது.

முதலாவது, குடிமக்கள் அனைவருக்கும் பொதுவான உரிமை. இரண்டாவது, நிபந்தனைகளோடு கைக்கு வரும் பணம். மூன்றாவது, பெரிய நோய் வந்தால் குடும்பத்தின் சார்பில் மருத்துவமனைக்குச் செலுத்தப்படும் பணம். ஒன்றுக்குத் தகுதி இல்லாதவர் மற்றொன்றுக்கும் தகுதி இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது. மூன்றாவது குழந்தையைச் சுமக்கும் பெண்ணுக்கு முத்துலட்சுமி ரெட்டி நிதி கிடைக்காது; இலவசப் பிரசவமும் காப்பீடும் அவருக்கு அப்படியே இருக்கின்றன.

காப்பீட்டுப் பணம் எந்த வழியாகப் போகிறது?

காப்பீடு என்பது பலருக்கும் சிறிதளவு பணம் செலுத்தி, சிலருக்கு வரும் பெருஞ்செலவை அதிலிருந்து ஈடுகட்டும் முறை. இத்திட்டத்தில் குடும்பங்கள் ஒரு ரூபாய்கூடச் செலுத்துவதில்லை. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. 2022 ஜனவரியில் திட்டம் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டபோது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுப் பிரீமியம் ரூ.849 என்று யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தமானது. ஏறத்தாழ 1.37 கோடி குடும்பங்களுக்கு இதைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டும்.

நோயாளி அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைக்குச் சென்றதும் நடப்பது இதுதான். மருத்துவர் நோயைக் கண்டறிந்து, பட்டியலில் உள்ள எந்தச் சிகிச்சை தேவை என்று குறிப்பிடுகிறார். மருத்துவமனையில் இருக்கும் திட்டப் பணியாளர் அட்டையையும் பரிசோதனை முடிவுகளையும் கணினி வழியாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி முன் அனுமதி கேட்கிறார். அனுமதி வந்ததும் சிகிச்சை நடக்கிறது. நோயாளி வீடு திரும்பிய பிறகு மருத்துவமனை தன் கணக்கை அனுப்பிப் பணத்தைப் பெறுகிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகுப்புக் கட்டணம் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது. அறை, அறுவை சிகிச்சை, மருந்து, உணவு எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். ஆகவே, அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு, ‘அட்டையில் இவ்வளவுதான் வரும், மீதியை நீங்கள் கட்டுங்கள்’ என்று கேட்பதற்கு மருத்துவமனைக்கு உரிமை கிடையாது.

அரசு மருத்துவமனையில் ஏன் அட்டை கேட்கிறார்கள் என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. அரசு மருத்துவமனையும் இத்திட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையே. பட்டியலில் உள்ள சிகிச்சை அங்கே நடந்தால், தனியாருக்குப் போவதைப் போலவே காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கு வந்து சேர்கிறது. கருவிகள், பழுது நீக்கம், மருந்துக் கொள்முதல், பணியாளர் ஊக்கத்தொகை ஆகியவற்றுக்கு அது பயன்படுகிறது. அட்டையைக் காட்டும் குடும்பம் தன் அரசு மருத்துவமனைக்குத் தன் பங்கைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்றே சொல்லலாம். அட்டை இல்லாத பெண்ணுக்கும் சிகிச்சை ஒன்றே. அட்டை இல்லை என்பதற்காக அவரைச் சேர்க்க மறுப்பதற்கு எந்த விதியும் இடம் தரவில்லை. இந்த ஒரு செய்தியையாவது கர்ப்பிணிகளுக்கான மாதாந்திரப் பரிசோதனை நாளில் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எடுத்துச் சொன்னால் பல குடும்பங்களின் அச்சம் தீரும்.

தனியார் மருத்துவமனையில் சுகப்பிரசவம்: அட்டை ஏன் உதவாது?

காப்பீடு எதிர்பாராமல் வரும் பெருஞ்செலவுக்கானது. பிரசவமோ ஏழெட்டு மாதங்களுக்கு முன்பே நாள் குறித்துத் தெரிந்த நிகழ்வு. லட்சக்கணக்கான குடும்பங்களில் ஆண்டுதோறும் உறுதியாக நடக்கும் ஒன்றைக் காப்பீட்டில் சேர்த்தால், பிரீமியம் ஏறத்தாழ அந்தச் செலவின் அளவுக்கே உயர்ந்துவிடும். அதே சேவைக்காக அரசு ஏற்கெனவே மருத்துவமனை கட்டி, மருத்துவருக்கும் செவிலியருக்கும் சம்பளம் கொடுத்து வரும்போது, தனியாருக்கும் கொடுப்பது ஒரே செலவை இரண்டு முறை செய்வதாகும்.

இன்னொரு காரணம் சிசேரியன். 2019-21 காலத்தில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் இது 36 விழுக்காடு; தனியாரில் 63.8 விழுக்காடு. தனியாரில் செய்யும் ஒவ்வொரு சிசேரியனுக்கும் அரசுக் காப்பீட்டிலிருந்து பணம் கிடைக்கும் என்று வைத்தால், தேவையற்ற அறுவை சிகிச்சை இன்னும் பெருகும் என்ற அச்சத்துக்கு இந்த எண்களே போதிய ஆதாரம்.

இந்த வாதம் சரியானது என்றே கருதுகிறேன். ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டின் நெரிசலுக்கும், சில இடங்களில் கேட்க நேரும் கடுஞ்சொல்லுக்கும் அஞ்சித் தனியாரை நாடும் ஏழைக் குடும்பத்துக்கு எந்தத் திட்டமும் துணை வருவதில்லை. முழுச் செலவும் அவர்கள் தலையில்தான். வட்டிக்கு வாங்கிய அந்தக் கடன் குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகும் தீர்வதில்லை. காப்பீட்டை விரிப்பது இதற்குத் தீர்வாகாது. பிரசவ வார்டில் படுக்கைகளையும் செவிலியர் எண்ணிக்கையையும் கூட்டுவதும், பிரசவ நேரத்தில் உடன் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் நடைமுறையை எல்லா இடத்திலும் உண்மையாகப் பின்பற்றுவதுமே தீர்வாகும்.

அப்படியானால் கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு அட்டை எப்போது உதவும்? பிரசவம் சிக்கலாகித் தாய்க்குத் தீவிர சிகிச்சை தேவைப்படும்போதும், குறைமாதத்தில் பிறந்த குழந்தை பல நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க நேரும்போதும், குழந்தையின் இதயத்தில் பிறவிக் குறை இருந்து அறுவை சிகிச்சை செய்யும்போதும், பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தும்போதும் அதன் அருமை தெரியும். இவற்றில் பல அரசு மருத்துவமனையிலும் இலவசமாகக் கிடைக்கும் என்றாலும், இடமில்லாமலோ வசதியில்லாமலோ வேறிடம் போக வேண்டிய கட்டாயம் வரும்போது அட்டைதான் வழி திறக்கும். அந்த நேரத்தில் அட்டைக்கு விண்ணப்பிக்க ஓடுவது எளிதல்ல. பிரசவம் இலவசம்தானே என்று அட்டையை ஒத்திப்போடும் குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பிரசவத்துக்கு அட்டை தேவையில்லை என்பதும், பிரசவத்துக்கு முன்பே அட்டை எடுத்துவிட வேண்டும் என்பதும் இரண்டுமே உண்மை.

ரூ.1,20,000 என்னும் கோடு

காப்பீட்டில் சேரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும். நெடுங்காலம் ரூ.72,000 ஆக இருந்த இந்த வரம்பு 2022-இல் உயர்த்தப்பட்டது. உயர்த்திய பிறகும் மாதத்துக்கு ரூ.10,000-தான். இது ஒருவரின் கூலியைக் குறிப்பதன்று, மொத்தக் குடும்ப வருமானம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சேலத்தின் தொழில்களை வைத்துப் பார்த்தால் இந்தக் கோட்டின் குறை புரியும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவருக்கும், அம்மாப்பேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் தறி ஓட்டுபவருக்கும், ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு வரத்துக் காலத்தில் மட்டும் வேலை கிடைப்பவருக்கும் மாதச் சம்பளம் என்ற ஒன்று கிடையாது. கூலி வாரத்துக்கு வாரம் மாறும். தறியில் கணவர் சராசரியாக மாதம் ரூ.7,500-ம், நூல் சுற்றி மனைவி ரூ.3,500-ம் ஈட்டுவதாக வைத்துக்கொண்டால் ஆண்டு வருமானம் ரூ.1,32,000, கோட்டுக்கு வெளியே. கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீட்டில் மாதம் ரூ.10,000 என்றால் தலைக்கு ரூ.5,000. வயதான பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்த ஆறு பேர் வீட்டில் ரூ.12,000 வந்தால் தலைக்கு ரூ.2,000. முன்னதற்குக் காப்பீடு உண்டு. வறுமை மிகுந்த பின்னதற்கு இல்லை. குடும்பத்தின் அளவைக் கணக்கில் கொள்ளாத ஒரே கோடு நியாயமானதன்று. இதை அரசு மாற்றியே தீர வேண்டும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையிலோ கடையிலோ ரூ.21,000-க்குள் சம்பளம் வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு தனியாக உண்டு. அதில் சந்தா செலுத்தும் பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் கூடிய விடுப்புக் கிடைக்கும். தொழிலாளியின் மனைவிக்கு மருத்துவ வசதி கிடைக்கும். சேலத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது. வீட்டோடு சேர்ந்த சிறு பட்டறைகளுக்கு இது எட்டுவதில்லை.

தாய்வீடும் குடும்ப அட்டையும்

காப்பீட்டு அட்டை குடும்ப அட்டையை அடியொற்றித் தரப்படுகிறது. குடும்பத் தலைவர், சட்டப்படியான கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோரே அதில் குடும்பத்தினர். புதிதாகத் திருமணமான பெண்ணின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு ரேஷன் அட்டையிலேயே இருக்கும். அங்கிருந்து நீக்கிக் கணவர் வீட்டு அட்டையில் சேர்க்கும் வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். அதற்குள் கர்ப்பம் தரித்து, ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்துவிடுவார். கணவர் வீட்டுக் காப்பீட்டு அட்டையில் அவர் பெயர் இருக்காது. பிறந்த வீட்டு அட்டையில் திருமணமான மகள் என்று கேள்வி எழும். ஆதாரில் தந்தையின் முதலெழுத்து, வங்கிக் கணக்கில் கணவரின் முதலெழுத்து என்ற வேறுபாடும் சேர்ந்துகொண்டால் முத்துலட்சுமி ரெட்டி நிதியின் தவணையும் நின்றுபோகும்.

பிக்மி எண் என்று மக்கள் சொல்லும் கர்ப்பிணிப் பதிவு எண் இப்படி ஊர் சார்ந்ததன்று. கிராம சுகாதாரச் செவிலியர் ஒருமுறை பதிந்து கொடுத்தால், ஓமலூரில் பதிந்த பெண் ஆத்தூரில் பிரசவித்தாலும் அதே எண்தான். நிதியுதவிக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண் தேவை. தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளும் பெண்களும் இதைப் பெற்றாக வேண்டும்.

சேர்வராயன் மலையில்

ஏற்காட்டைச் சுற்றியுள்ள 60-க்கும் மேற்பட்ட மலைக்கிராமங்களில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்களும், காப்பித் தோட்டத் தொழிலாளர்களும் வாழ்கிறார்கள். அவர்களுக்கு அட்டை பற்றிய கேள்வி சற்று வேறு வகையில் எழுகிறது. பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய யோஜனா 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. ஊரகப் பகுதியில் பட்டியல் சாதி, பழங்குடி இல்லம் என்பது அதில் தகுதிக்கான ஓர் அளவுகோல். ஆகவே, பழங்குடிக் குடும்பங்கள் வருமானச் சான்றுக்கு அலைவதற்கு முன், அந்தப் பட்டியலில் தங்கள் குடும்பத்தின் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பழங்குடி, பட்டியல் சாதிப் பெண்களுக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள பெண்களுக்கும் மருத்துவமனைப் பிரசவத்துக்காக ஜனனி சுரக்ஷா யோஜனா என்னும் வேறொரு மத்திய அரசுத் திட்டத்தில் ஊரகத்தில் ரூ.700, நகரத்தில் ரூ.600 தனியாக உண்டு.

மலையில் அட்டையை விடப் பெரிய தடை பாதைதான். ஏற்காட்டிலிருந்து சேலம் வருவதற்கு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 30 கி.மீ. இறங்க வேண்டும், உள்கிராமத்திலிருந்து ஏற்காடு வந்து சேரும் தூரம் தனி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிய பெருமழையில் மண் சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்தே நின்றது. பிரசவத்துக்குப் பின் ஏற்படும் இரத்தப்போக்கும், கர்ப்பகால இரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பும் மணிக்கணக்கில் காத்திருக்க விடாதவை. ரூ.5 லட்சம் காப்பீடு கையில் இருந்தும், இரத்த வங்கியும் மயக்க மருந்து நிபுணரும் இருக்கும் இடத்தை நேரத்தில் அடையாவிட்டால் அதனால் பயனில்லை. ஆகவே, சிக்கல் வரலாம் என்று செவிலியர் கணித்த பெண்ணைப் பிரசவ நாளுக்குச் சில நாள் முன்பே கீழே கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்த்துவிடுவதே பாதுகாப்பு. அப்படித் தங்கும் நாட்களில் துணைக்கு வந்தவரின் சாப்பாடு, அவர் இழக்கும் தோட்டக் கூலி, வீட்டிலிருக்கும் மூத்த குழந்தையின் பராமரிப்பு ஆகியவற்றுக்குக் காப்பீடு ஒரு பைசா தராது. காப்பி பறிக்கும் மாதங்களில் இந்த இழப்பு மிகவும் கூடும். நிதியுதவித் திட்டத்தின் தவணை தாமதமாவது மலைக் குடும்பத்தை நகரத்துக் குடும்பத்தைவிடக் கடுமையாகத் தாக்குவது இதனால்தான்.

எந்த மாதத்தில் எதைச் செய்வது?

1. கர்ப்பம் உறுதியானதும், 12 வாரத்துக்குள், கிராம அல்லது நகர்ப்புற சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண்ணைப் பெற வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு இரண்டிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதையும், கணக்கு ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே சரிபார்க்க வேண்டும்.

2. நான்கு, ஐந்தாம் மாதத்துக்குள் பெண்ணின் பெயரைக் கணவர் வீட்டுக் குடும்ப அட்டைக்கு மாற்ற வேண்டும். தாய்வீடு போவதற்கு முன்பு இது முடிந்துவிட வேண்டும்.

3. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். நிறைமாதத்தில் மலையிலிருந்து இதற்காக இறங்கி வருவது கடினம் என்பதால் முன்னரே முடித்துக்கொள்ள வேண்டும். அட்டை இருப்பவர்கள் அதில் கர்ப்பிணியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பச்சிளங்குழந்தைக்குத் தனி அட்டை இருக்க வாய்ப்பில்லை ஆதலால், தாயின் பெயர் உள்ள அட்டைதான் குழந்தைக்கும் ஆதாரம்.

4. தனியார் மருத்துவமனைக்குச் செல்வதானால், சேர்வதற்கு முன்பே இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: இந்த மருத்துவமனை இத்திட்டத்தில் அங்கீகரிக்கப்பட்டதா? எங்களுக்குத் தேவையான இந்தக் குறிப்பிட்ட சிகிச்சைக்கு இங்கே அனுமதி உண்டா? முதல் கேள்விக்கு ஆம் என்ற விடை வந்தாலும் இரண்டாவதற்கு இல்லை என்று வரக்கூடும், ஏனெனில் அங்கீகாரம் சிகிச்சைப் பிரிவு வாரியாகத் தரப்படுகிறது.

5. அனுமதி பெற்ற சிகிச்சைக்குப் பணம் கேட்டாலோ, மருந்தை வெளியே வாங்கி வரச் சொன்னாலோ, மருத்துவமனையில் உள்ள திட்டப் பணியாளரிடம் உடனே சொல்லி, 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். பணம் கட்டிவிட்டிருந்தால் ரசீதைக் கட்டாயம் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். ரசீது இல்லாத பணத்தைத் திரும்பப் பெற்றுத் தருவது, புகாரை விசாரிக்கும் அலுவலருக்கும் மிகவும் கடினம்.